டை கட்டிங் மெஷின்: வாழ்த்து அட்டைக்கும் கொலு அலங்காரத்துக்கும் எது வாங்கலாம்?

காகிதப்பூ (திருச்சி) · ஆகஸ்ட் 3, காலை

எல்லாருக்கும் வணக்கம். பிறந்தநாள், வளைகாப்பு, கல்யாண நாள் என்று கையாலேயே வாழ்த்து அட்டை செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறேன். கையில் இருப்பது கத்தரிக்கோல், ஒரு பேப்பர் டிரிம்மர், ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிய பூ பஞ்ச் சில. அவ்வளவுதான். இந்த வருஷம் நவராத்திரிக்குக் கொலுப் படிக்குப் பின்னால் வைக்கத் தாமரை, வாசலுக்கு மாவிலைத் தோரணம், தாம்பூலப் பைக்குக் குட்டி டேக் என்று அக்கம்பக்கத்தில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கையால் வெட்டி மாளாது.

மெஷின் வாங்கலாம் என்று பார்த்தால் தலை சுற்றுகிறது. டை என்கிற வெட்டும் உலோக அச்சைத் தாளோடு வைத்து, கைப்பிடியைச் சுற்றி ஓட்டும் உருளை மெஷின் ஒரு பக்கம். கம்ப்யூட்டரோடு இணைத்து வெட்டும் கிரிகட், சில்லவுட் வகைகள் இன்னொரு பக்கம். விலையோ ஏணி வைத்தாலும் எட்டாது. எனக்கு எது சரிப்படும்? வைத்திருப்பவர்கள் சொல்லுங்களேன். விற்பனையாளர்கள் தயவுசெய்து இன்பாக்ஸுக்கு வரவேண்டாம்.

நித்யா_குரோம்பேட்டை · ஆகஸ்ட் 3, மதியம்

கை மெஷின்தான். ரொம்ப யோசிக்கவே வேண்டாம். நீங்கள் சொல்வது ஒரே இலையை, ஒரே இதழை நூற்றுக்கணக்கில் வெட்டித் தள்ளும் வேலை. டையை வைத்து ஒரு சுற்று சுற்றினால் முடிந்தது. கரண்ட் போனாலும் கவலையில்லை.

வாங்கும்போது வாய் அகலத்தை முதலில் பாருங்கள். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் குட்டி மெஷின்களின் வாய் இரண்டரை, மூன்று அங்குலம்தான் இருக்கும். டேக் வெட்டலாம், சின்னப் பூ வெட்டலாம், அட்டையின் முகப்பை வெட்ட முடியாது. குறைந்தது 6 அங்குலம் வேண்டும். சிசிக்ஸ் பிக் ஷாட் போன்றவை அந்த அளவுதான். ஏ4 தாளைப் பாதியாக வெட்டினால் வரும் ஏ5 அதில் அப்படியே நுழையும். முழு ஏ4 நுழைய வேண்டுமென்றால் 9 அங்குல மெஷின் வேண்டும். விலையும் எடையும் கூடும், மேஜையில் இடத்தையும் அடைக்கும். உங்களுக்கு அது தேவைப்படாது.

வெட்டுக்கிளி (பெங்களூரு) · ஆகஸ்ட் 3, இரவு

நான் எதிர்க்கட்சி. நித்யா சொன்னதில் ஒன்று விட்டுப்போகிறது. ஒரு டை என்றால் ஒரு வடிவம், ஒரே அளவு. நாலு அங்குலத் தாமரை வைத்திருப்பீர்கள், வருகிறவர் பத்து அங்குலம் கேட்பார். அதற்கு இன்னொரு டை. பிறகு அதற்குள் வைக்க நடுவளவு டை. மெஷின் வாங்கியதோடு செலவு நிற்காது, டை வாங்கி வாங்கியே காசு கரையும்.

கம்ப்யூட்டர் கட்டரில் ஒரே கோப்பைப் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம். 12 அங்குல அகலம் வரை வெட்டுவதால் கொலுப் பின்னணிக்கு வேண்டிய பெரிய வடிவங்கள் வரும். பெட்டி, விளக்குக் கூடு எல்லாம் மடிப்புக் கோட்டோடு வெட்டி எடுக்கலாம். எல்லாவற்றையும் விட, தமிழில் பெயர் வெட்டலாம். "பொங்கல் வாழ்த்துகள்" என்று டை எந்தக் கடையில் தொங்குகிறது? எல்லாம் ஹேப்பி பர்த்டே, தேங்க் யூதான்.

நித்யா_குரோம்பேட்டை · ஆகஸ்ட் 3, இரவு

தமிழ் எழுத்து விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். மற்றதில் இல்லை. உங்கள் மெஷின் நுணுக்கமான ஒரு தாளை வெட்டி முடிக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள். தாளைப் பிடித்து வைக்கும் ஒட்டும் மேட்டில் பசை போனால் புதிது வாங்க வேண்டும், பிளேடு தேயும். அதையெல்லாம் சொல்லாமல் டை செலவை மட்டும் சொல்கிறீர்கள்.

வெட்டுக்கிளி (பெங்களூரு) · ஆகஸ்ட் 4

நியாயம்தான். மெதுவானதுதான். மென்பொருள் தலைவலியும் உண்டு. 2021 மார்ச்சில் கிரிகட், சந்தா கட்டாதவர்கள் மாதம் 20 படங்களுக்கு மேல் தங்கள் மென்பொருளான டிசைன் ஸ்பேஸில் ஏற்ற முடியாது என்று அறிவித்தது. காசு கொடுத்து வாங்கிய மெஷினுக்கு இப்படி ஒரு பூட்டா என்று உலகம் முழுக்கப் பயனர்கள் கொதித்தெழுந்த பிறகு பின்வாங்கியது. சில்லவுட்டின் மென்பொருள் கம்ப்யூட்டரிலேயே ஓடும், ஆனால் இலவசப் பதிப்பில் எஸ்விஜி என்ற கோட்டுவடிவக் கோப்பு திறக்காது. வாங்கும் முன் இதெல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ் எழுத்து பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், வேறு யாரும் எழுதவில்லை. ஆங்கிலச் சொல் வெட்டுவது சுலபம், கூட்டெழுத்தாக எழுதினால் முழுச் சொல்லும் ஒரே துண்டாக வரும். நமக்கு எழுத்துகள் தனித்தனி. "பொங்கல்" என்பதில் கொம்பு தனி, ப தனி, கால் தனி. மெய்யெழுத்தின் புள்ளியோ எதோடும் ஒட்டாமல் அந்தரத்தில் நிற்கிறது. மேட்டிலிருந்து உரிக்கும்போது முதலில் பறப்பது அதுதான். "வாழ்த்துகள்" என்றால் மூன்று புள்ளி.

நான் செய்வது இது. இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் தடித்த எழுத்துருவில் சொல்லை எழுதி, எழுத்தை வடிவமாக மாற்றிவிடுவேன். அப்போதுதான் வேறு மென்பொருளில் திறந்தாலும் கொம்பும் காலும் இடம் மாறி உட்காராது. எழுத்துகளை நெருக்கி ஒன்றோடொன்று லேசாகத் தொடவிட்டு இணைத்துவிடுவேன். புள்ளிகளை எழுத்தின் தலையோடு தொடும்படி கீழே இறக்குவேன், கொஞ்சம் பெரிதாகவும் ஆக்குவேன். இன்னொரு வழி, சொல்லைச் சுற்றி மூன்று மில்லிமீட்டர் விட்டு ஒரு வெளிக்கோடு எடுத்து, அதை வேறு நிறத்தில் அடி அட்டையாக வெட்டுவது. மேல் எழுத்து தனித்தனியாக வந்தாலும் அடி அட்டை எல்லாவற்றையும் தாங்கும். பார்க்கவும் எடுப்பாக இருக்கும்.

பழைய_பேப்பர் (மதுரை) · ஆகஸ்ட் 4

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மெஷின் வெட்டுகிறது, கம்ப்யூட்டர் வரைகிறது, அப்புறம் அதற்குக் "கைவினை" என்று பெயர் போட்டு விற்கிறீர்கள். மதுரா பக்கம் சாஞ்சி என்று ஒரு காகித வேலை உண்டு, கிருஷ்ணலீலைக் காட்சிகளைச் சின்னக் கத்தரிக்கோலால் ஒற்றைத் தாளில் வெட்டி எடுப்பார்கள். அது கைவினை. ஒரே டையை ஊரெல்லாம் வாங்கி ஒரே பூவை ஊரெல்லாம் வெட்டினால் அது எப்படிக் கைவினை ஆகும்?

நித்யா_குரோம்பேட்டை · ஆகஸ்ட் 4

ஐயா, உங்கள் கேள்வி தப்பில்லை. வெட்டியதை அப்படியே ஒட்டினால் நீங்கள் சொல்வதுதான் சரி. தட்டையாக, ஸ்டிக்கர் ஒட்டியது போல இருக்கும். பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

ஆனால் டை தருவது இதழின் ஓரத்தை மட்டும்தான். பூவாக்குவது அதற்குப் பிறகு. ஐந்து இதழ்ப் பூவைப் பெரிது, நடு, சிறிது என்று மூன்று அளவில் 120 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) தாளில் வெட்டுவேன். ஓரத்தில் ஸ்பாஞ்சால் கொஞ்சம் அடர்ந்த நிற மை. பின்பக்கம் விரலால் தண்ணீர் தொட்டுத் தடவி, மெத்தென்ற ஃபோம் மேல் கவிழ்த்து வைத்து, உருண்டை முனைக் கருவியால் ஒவ்வொரு இதழையும் வட்டமாக அழுத்தித் தேய்ப்பேன். கருவி இல்லாவிட்டால் கரண்டியின் முதுகு போதும். தாள் குழிந்து கிண்ணமாகும். நுனியை மட்டும் ஊசியில் சுற்றிப் பின்னால் வளைத்துவிட்டு, மூன்று அடுக்கையும் இதழ்கள் ஒன்றுக்கொன்று இடைவெளியில் விழும்படி திருப்பி ஒட்டி, நடுவில் முத்து. எந்த இதழை எவ்வளவு வளைப்பது என்று டை சொல்லாது. ஒரே டையில் நான் செய்த செம்பருத்தியையும் என் நாத்தனார் செய்ததையும் பக்கத்தில் வைத்தால் யாருடையது எது என்று வீட்டில் எல்லாரும் சொல்லிவிடுவார்கள்.

சிவகாசிக்காரன் · ஆகஸ்ட் 4, இரவு

பிரஸ்ஸில் டை பஞ்சிங் பிரிவில் வேலை. இந்தப் பேச்சைப் பார்த்ததும் வராமல் இருக்க முடியவில்லை.

பழைய_பேப்பர் ஐயாவுக்கு ஒரு தகவல். டை வெட்டு நேற்று வந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே செருப்புத் தைப்பவர்களுக்காகத் தோல் வெட்டத் தொடங்கியது. அட்டைப் பெட்டிக்கு வந்த கதை தொழிலில் எல்லாரும் சொல்வது. 1879இல் நியூயார்க்கில் ராபர்ட் கேர் என்பவரின் பட்டறையில், பைகளில் மடிப்புக் கோடு போடும் உலோகப் பட்டை இடம் பெயர்ந்து, மடிப்புப் போடுவதற்குப் பதில் பைகளை வெட்டிவிட்டது. சரக்கு வீணாயிற்று. ஆனால் வெட்டும் மடிப்பும் ஒரே அழுத்தத்தில் வரும் என்று அவருக்குப் பிடிபட்டுவிட்டது. இன்று நீங்கள் வாங்கும் பற்பசை அட்டைப் பெட்டி வரைக்கும் அந்த வழிதான்.

எங்கள் ஊருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சு வேண்டும், அச்சடித்ததை வெட்ட வேண்டும். அப்படித்தான் இந்த ஊரில் ஒவ்வொரு தொழிலாக வேர்விட்டது. காலண்டர், டைரி, கல்யாணப் பத்திரிகை எல்லாம் பின்னால் வந்தவை.

காகிதப்பூ (திருச்சி) · ஆகஸ்ட் 5

எல்லாருக்கும் நன்றி. சிவகாசி அண்ணா, நீங்கள் வந்தது நல்லதாகப் போயிற்று. பிரஸ்களுக்கு டை செய்து கொடுப்பவர்களிடம் சொல்லி, மாவிலைக்கு ஒரு டை போட்டு, அதை வீட்டு மெஷினில் ஓட்ட முடியுமா? வெளிநாட்டு டையை விட மலிவாக வருமே.

சிவகாசிக்காரன் · ஆகஸ்ட் 5

அங்கேதான் இடிக்கும் தங்கச்சி. எங்கள் டை, பிளைவுட் பலகையில் லேசரால் கோடு வெட்டி, அதற்குள் எஃகுப் பட்டையை வளைத்துச் செருகியது. பட்டையின் உயரம் 23.8 மில்லிமீட்டர், பெரும்பாலும் எங்கேயும் இதே அளவுதான். அதற்கு மேல் தாள், அடியில் தட்டு என்றால் வீட்டு மெஷினின் உருளைகளுக்கு நடுவில் நுழையாது. வீட்டு மெஷினுக்கும் பட்டை டை உண்டு, ஃபோம் ஒட்டிய தடித்த பலகையாக வரும். ஆனால் அது குள்ளமான பட்டையில் அதற்கென்றே செய்தது. நீங்கள் இணையத்தில் பார்க்கிற மெல்லிய டைகள் வேறு ஜாதி, உலோகத் தகட்டை அரித்து விளிம்பை மட்டும் கூராக நிற்க வைத்தவை.

இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். தாம்பூலப் பை, டேக் என்று ஒரே மாதிரி ஐந்நூறு, ஆயிரம் வேண்டுமென்றால் பக்கத்து பிரஸ்ஸில் டை போட்டு ஓட்டி வாங்கிவிடுங்கள். டை செலவு எண்ணிக்கையில் கரைந்துவிடும். ஆளுக்கு ஒரு நிறம், ஆளுக்கு ஒரு பெயர் என்று கேட்பதை மட்டும் வீட்டில் செய்யுங்கள். வீட்டு மெஷினில் ஆயிரம் டேக் சுற்றினால் தோள்பட்டைதான் மிஞ்சும்.

ஸ்கார்பரோ_அக்கா (டொராண்டோ) · ஆகஸ்ட் 6

நான் இரண்டு வகையும் வைத்திருக்கிறேன். இங்கே ஈஸ்டர் முடிந்ததும் கழிவு விலையில் டைகள் கிடைக்கும், ஊருக்கு வரும்போது தங்கச்சிமாருக்கு அள்ளிக்கொண்டு வருவேன். அப்போது கவனித்த ஒன்றை எழுதுகிறேன், வெளிநாட்டில் இருந்து டை வரவழைப்பவர்கள் கட்டாயம் பாருங்கோ.

அமெரிக்க டைகளில் பெரும்பாலானவை அவர்களுடைய ஏ2 அட்டைக்குச் செய்யப்பட்டவை. நாலே கால் அங்குலத்துக்கு ஐந்தரை, அதாவது ஏறத்தாழ 108க்கு 140 மில்லிமீட்டர். நம் ஏ4 போல அவர்கள் பாவிக்கும் லெட்டர் தாளை நாலாக மடித்த அளவு அது. நீங்கள் ஏ4 தாளைப் பாதியாக வெட்டி மடித்தால் கிடைக்கும் ஏ6 அட்டை 105க்கு 148. பார்க்க ஒன்றுபோலத் தெரியும். ஆனால் அந்த முழு அளவுச் செவ்வக டையில் வெட்டிய முகப்பை ஏ6 மேல் வைத்தால் அகலத்தில் மூன்று மில்லிமீட்டர் வெளியே துருத்தும், உயரத்தில் எட்டு மில்லிமீட்டர் குறையும்.

ஏ4 தாளிலேயே ஏ2 அட்டை வெட்டலாம்தான். ஆனால் ஒரு தாளில் ஒன்றுதான் கிடைக்கும், மிச்சம் துண்டுத் துண்டாக நிற்கும். ஏ6 என்றால் ஒரு தாளில் இரண்டு. காசு பார்த்துச் செய்பவர்கள் ஏ6ஐயே வைத்துக்கொண்டு, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் செவ்வக டை செட்டில் இரண்டாவது அளவை முகப்புக்குப் பாவியுங்கோ. சுற்றிவர ஓரம் விட்டு அழகாக நிற்கும். உறையும் அந்த அளவுக்கு ஊரிலேயே கிடைக்கும்.

கடை விஷயம், அமெரிக்காவில் பலரும் நம்பியிருந்த கைவினைக் கடைத்தொடர் ஜோஆன் 2025 மே மாதத்தோடு எல்லாக் கடைகளையும் மூடிவிட்டது. அமெரிக்காவில் உறவினர் இருந்து "அங்கே வாங்கி அனுப்பு" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் வேறு வழி பார்க்க வேண்டும். மின்சாரத்தில் ஓடும் உருளை மெஷினை வட அமெரிக்காவில் வாங்கி அனுப்பச் சொல்ல வேண்டாம். இங்கே 120 வோல்ட், ஊரில் 230. கைப்பிடி மெஷினுக்கு அந்தக் கவலையே இல்லை.

காகிதப்பூ (திருச்சி) · ஆகஸ்ட் 6

அக்கா, இந்த அளவுக் கணக்கை யாரும் சொல்லவே இல்லை! ஏ6 செட் பார்த்துத்தான் வாங்குவேன்.

முடிவு செய்துவிட்டேன், 6 அங்குலக் கை மெஷின். தமிழ்ப் பெயர்களுக்கு வெட்டுக்கிளி தம்பியிடம் கோப்பு அனுப்பி வெட்டி வாங்கலாம் என்று ஒரு பேராசை இருக்கிறது :) இனி அடுத்த கேள்வி. தெரிந்தவர் ஒருவருடைய மெஷினில் பார்த்தேன், நுணுக்கமான லேஸ் டை ஒன்று நடுவில் மட்டும் வெட்டவே இல்லை. ஓரம் சுத்தமாக வந்தது. மெஷின் பழுதா?

நித்யா_குரோம்பேட்டை · ஆகஸ்ட் 6

பழுது இல்லை. எல்லா மெஷினிலும் வரும். சாண்ட்விச் அடுக்குவதில்தான் எல்லாமே இருக்கிறது. அடியில் பிளாட்ஃபார்ம் என்ற அடிப்பலகை, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் தட்டு, தாள், தாளின் மேல் கூர்ப்பக்கம் கீழே பார்க்கும்படி டை, மேலே இன்னொரு தட்டு. மெஷினுக்கு மெஷின் அடுக்கு மாறும். பிளாட்ஃபார்மிலேயே படம் போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். தாளில் புடைப்பு வடிவம் பதிக்கும் எம்பாசிங் ஃபோல்டருக்கு அடுக்கு வேறு. வெட்டுகிற அடுக்கிலேயே ஃபோல்டரைத் திணித்தால் உடைந்துவிடும்.

நடுவில் வெட்டவில்லை என்றால் அங்கே அழுத்தம் போதவில்லை. வெட்டாத இடத்துக்கு நேராகத் தட்டின் வெளிப்பக்கம் சாதாரண ஜெராக்ஸ் தாள் ஒன்றை மடித்து வைத்து மறுபடி ஓட்டுங்கள். போதவில்லை என்றால் இன்னொன்று. ஒரேயடியாக நாலைந்து தாள் வைக்காதீர்கள். கைப்பிடி ஒரு கையால் சுற்ற வராமல் இரண்டு கையும் கேட்டால் நிறுத்திப் பின்னால் சுற்றி எடுத்துவிட வேண்டும். சில கம்பெனிகள் மெல்லிய உலோகத் தகடே விற்கிறார்கள், லேஸ் டை அதிகம் வெட்டுகிறவர்களுக்கு அது வசதி.

ஓட்டும்போது "கடக் கடக்" என்று சத்தம் வரும். முதல் தடவை எல்லாருக்கும் நெஞ்சு நின்றுவிடும். அது தட்டில் டை பதியும் சத்தம், பயப்பட வேண்டாம். செவ்வக டையை உருளைக்கு நேராக வைக்காமல் கொஞ்சம் சாய்த்து வையுங்கள். நீண்ட விளிம்பு முழுவதும் ஒரே நேரத்தில் உருளையில் போய் முட்டினால்தான் சிக்கும். டை நகராமல் இருக்க, லேசாக மட்டும் ஒட்டும் மாஸ்க்கிங் டேப் துண்டு ஒன்று. லேஸுக்குள் தாள் சிக்கிக்கொண்டால் டைக்கும் தாளுக்கும் நடுவில் பட்டர் பேப்பர் வைத்து வெட்டுங்கள், தானாகக் கழன்று வரும்.

தட்டுகளை ஒவ்வொரு தடவையும் திருப்பிப் போடுங்கள். ஒரே பக்கமாக ஓட்டினால் சில நாளிலேயே அப்பளம் மாதிரி வளைந்துவிடும். எப்படியும் தேய்ந்து போகிற பொருள்தான். மெஷின் விலை கேட்கும்போதே மாற்றுத் தட்டு தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தட்டு கிடைக்காத மெஷின் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

சிங்கை_செல்வி · ஆகஸ்ட் 7

நித்யா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தாள் ஈரம் குடித்திருந்தாலும் இப்படித்தான் ஆகும். இங்கே வருஷம் முழுக்கப் புழுக்கம், உங்களுக்கு ஐப்பசி கார்த்திகையில். ஈரத்தாள் மெத்தென்று ஆகிவிடும், டை அதை வெட்டாமல் நசுக்கும், ஓரத்தில் பிசிறு நிற்கும். வாங்கிய தாளை பிளாஸ்டிக் உறையோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, செருப்புப் பெட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்து வையுங்கள். டைகளுக்கும் அதே கதிதான், கடற்காற்றில் துரு ஏறும். பழைய சிடி உறைக்குள் காந்தத் தகடு ஒட்டி அதில் டைகளை வைத்தால் தொலையவும் தொலையாது, சின்னப் புள்ளி டைகூட அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும்.

தோரணத்துக்குத் தாளை விடத் துணி நல்லது. அடுத்த வருஷமும் கட்டலாம். துணியை அப்படியே வெட்டினால் நூல் பிரியும். தையல்காரர்கள் காலருக்கு வைக்கிற ஃப்யூசிங்கைத் துணியின் பின்பக்கம் வைத்து இஸ்திரி போட்டு, ஆறிய பிறகு வெட்டுங்கள், ஓரம் கத்தியால் சீவியதாக நிற்கும். ஃபெல்ட் என்றால் இதுகூட வேண்டாம். இரண்டுக்குமே சிவகாசி அண்ணா சொன்ன தடித்த பட்டை டைதான் சரி. மெல்லிய டை ஃபெல்ட்டில் பாதி வெட்டும், பாதி இழுக்கும்.

வெட்டுக்கிளி (பெங்களூரு) · ஆகஸ்ட் 7

செல்வி அக்கா, உங்களிடம் பிரதர் ஸ்கேன்என்கட் இருப்பதாக முன்பு எழுதியிருந்தீர்கள். கோலம் வெட்டியிருக்கிறீர்களா?

சிங்கை_செல்வி · ஆகஸ்ட் 7

வெட்டியிருக்கிறேன் தம்பி. அந்த மெஷினுக்குள்ளேயே ஸ்கேனர் இருப்பதால் அம்மா நோட்டில் போட்ட கோலத்தையே வைத்து வெட்டலாம். ஆனால் நேராக வெட்டினால் ஏமாற்றம்தான். சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைச் சுற்றிச் சுற்றி மூடிக்கொள்கிறது. ஸ்டென்சிலாக வெட்டும்போது மூடிய வளையத்துக்குள் இருக்கும் பகுதி எல்லாம் கழன்று விழுந்துவிடும். தரையில் வைத்து மாவு தூவினால் கோலத்துக்குப் பதில் ஓட்டைதான். ஒவ்வொரு வளையத்திலும் இரண்டு இடத்தில் கோட்டை நிறுத்தி, உள் துண்டை வெளியோடு பிடித்து வைக்கும் பாலம் விட வேண்டும். மூன்று மில்லிமீட்டராவது இருக்கட்டும். மாவு தூவிய பிறகு அந்த இடைவெளியைக் கையால் இழுத்து மூடிவிடலாம்.

கொலுப் பின்னணிக்கு என்றால் தலைகீழாக யோசியுங்கள். கோட்டை மட்டும் தங்க நிறத் தாளில் வெட்டிக் கறுப்பு அட்டையில் ஒட்டினால் பாலமே வேண்டாம். கோடு ஒரே இழையாக ஓடுவதால் துண்டாகாமல் முழுதாக வரும். தமிழ் எழுத்தை விட இது சுலபம், பாருங்கள்.

பழைய_பேப்பர் (மதுரை) · ஆகஸ்ட் 7

கோல விஷயம் நன்றாக இருக்கிறது. நித்யா சொன்ன செம்பருத்தியைப் படம் போடச் சொல்லுங்கள், பார்த்துவிட்டு மீதியைச் சொல்கிறேன்.

காகிதப்பூ (திருச்சி) · ஆகஸ்ட் 9

மெஷின் ஆர்டர் போட்டாயிற்று. தாளைப் பற்றிச் சொல்லுங்கள். இங்கே ஸ்டேஷனரிக் கடையில் "சார்ட்" என்று ஒன்றே ஒன்றைத்தான் காட்டுகிறார்கள். எந்த எடை, எங்கே வாங்குவது? முதலில் எத்தனை டை?

நித்யா_குரோம்பேட்டை · ஆகஸ்ட் 9

டை அதிகம் வாங்காதீர்கள். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் செவ்வகம், அதேபோல் வட்டம், ஒரு இலை, ஒரு பூ. போதும். மிச்சக் காசைத் தாளில் போடுங்கள். இதில் நான் பிடிவாதம். அட்டை நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது முக்கால்வாசி தாளில் முடிவாகிவிடும். ஐம்பது டை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடச் சார்ட்டில் வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், எல்லாம் சாயம் போன மாதிரி இருக்கும்.

அட்டையின் உடலுக்கு 250 முதல் 300 ஜிஎஸ்எம். அதற்குக் குறைந்தால் மேலே ஒட்டிய பூவின் கனத்தில் நிற்காமல் சாயும். முகப்புக்கும் லேஸுக்கும் 180, 200. வளைக்கும் இதழுக்கு 120. தாளை வளைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் இலகுவாக வளையும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும். இலகுவாக வளைகிற திசையில் அட்டையின் மடிப்பு விழவேண்டும். இல்லையென்றால் மடிப்பில் வெடித்து வெள்ளை தெரியும். வண்ணத் தாளைக் கிழித்துப் பாருங்கள். உள்ளேயும் அதே நிறம் இருந்தால் நல்லது, நடுவில் வெள்ளை தெரிந்தால் வெட்டிய ஓரத்திலும் தெரியும்.

சென்னை வந்தால் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்கு ஒரு நடை. கல்யாணப் பத்திரிகைக் கடைகளும் காகிதக் கடைகளும் அங்கேதான் வரிசையாக இருக்கின்றன. மெட்டாலிக் போர்டு, டெக்ஸ்சர் போர்டு எல்லாம் கையில் தொட்டுப் பார்த்து வாங்கலாம். ஒற்றைத் தாளாகக் கொடுக்கிறார்களா என்று முதலிலேயே கேளுங்கள், சில கடைகளில் கட்டாகத்தான் தருவார்கள். ஞாயிறு போகாதீர்கள்.

சிவகாசிக்காரன் · ஆகஸ்ட் 9

அதைவிடச் சுலபம், உங்கள் ஊர்ப் பத்திரிகை அச்சகத்தில் கட்டிங் மெஷின் பக்கத்தில் கிடக்கும் ஓரத் துண்டுகளைக் கேளுங்கள். நாலு அங்குலப் பட்டைகளாக நல்ல நல்ல போர்டு விழும். எங்களுக்கு அது எடைக்குப் போகிற சரக்கு, உங்களுக்குப் பூவும் டேக்கும்.

காகிதப்பூ (திருச்சி) · ஆகஸ்ட் 10

அண்ணா, இன்றைக்கே தில்லைநகரில் தெரிந்த அச்சகத்தில் கேட்டேன், ஒரு மூட்டையே கொடுத்துவிட்டார்கள்!

விலை எப்படி வைப்பது? அப்புறம் குழந்தைகள் பிறந்தநாளுக்கு மிக்கி மவுஸ், சோட்டா பீம் வெட்டித் தரச் சொல்கிறார்கள்.

ஸ்கார்பரோ_அக்கா (டொராண்டோ) · ஆகஸ்ட் 10

கார்ட்டூன் வேண்டாம் தங்கச்சி. டை கம்பெனிகளில் பல, தங்கள் சொந்த டிசைனில் கையால் செய்த பொருளை விற்க அனுமதிக்கின்றன, நிபந்தனைகளை அவர்கள் தளத்தில் போட்டிருப்பார்கள். ஆனால் உரிமம் பெற்ற பாத்திரங்களுக்கு அது பொருந்தாது. டிஸ்னி டையைக் காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் வீட்டுக்குத்தான், வியாபாரத்துக்கு இல்லை. யானை, மயில், பலூன் செய்து கொடுங்கோ.

விலைக்குத் தாள், பசை, முத்து, உறை எல்லாம் கூட்டி, தேயும் தட்டுக்குக் கொஞ்சம் போட்டு, அதற்கு மேல் உங்கள் நேரத்துக்கு ஒரு மணிக்கு இவ்வளவு என்று வையுங்கோ. நேரத்தைக் கணக்கில் சேர்க்க வெட்கப்படுகிறவர்கள்தான் ஆறு மாதத்தில் மெஷினை விற்பனைக்குப் போடுகிறார்கள். தபாலில் அனுப்புவதானால் எழும்பி நிற்கும் பூ நசுங்கும் என்பதையும் யோசியுங்கோ. தட்டையான டிசைனைத் தபாலுக்கும், பூ வைத்ததைக் கையில் வாங்குபவருக்கும் என்று பிரித்துவிட்டால் நிம்மதி. ஊரில் 2025 செப்டம்பரில் இருந்து பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள் என்பதால் அனுப்பும் செலவையும் புதிதாகக் கேட்டுக்கொள்ளுங்கோ.

காகிதப்பூ (திருச்சி) · ஆகஸ்ட் 17

மெஷின் வந்துவிட்டது. தாமரை இதழ் வெட்டிக்கொண்டே இருக்கிறேன், நித்யா சொன்ன "கடக்" சத்தத்தில் மாமியார் அடுப்படியில் இருந்து ஓடி வந்தார். ஒரு சிக்கல். தங்க மிரர் போர்டில் வெட்டிய இதழ்களை ஃபெவிகால் வைத்து ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டினால் இரவு முழுக்க வைத்தும் வழுக்கிக்கொண்டு வருகிறது. பசை பழசா?

சிவகாசிக்காரன் · ஆகஸ்ட் 17

பசை நல்ல பசைதான். அந்த வெள்ளைப் பசை, அதிலுள்ள தண்ணீர் வெளியேறினால்தான் பிடிக்கும். தண்ணீரைத் தாள் உறிஞ்ச வேண்டும். மிரர் போர்டின் முகத்தில் இருப்பது பிளாஸ்டிக் படலம், அது ஒரு சொட்டும் குடிக்காது. மேல் இதழின் அடிப்பக்கம் தாளாகவே இருந்தாலும் கீழே படலம் இருப்பதால் பிடிப்பு வராது. நல்ல டபுள் சைட் டேப் போடுங்கள், உயரம் வேண்டுமென்றால் ஃபோம் டேப். பசையால்தான் ஒட்டுவேன் என்றால், மேல் இதழ் மறைக்கப்போகிற இடத்தில் மட்டும் கீழ் இதழின் படலத்தை உப்புத்தாளால் தேய்த்துத் தாள் தெரிகிற வரை எடுத்துவிட்டு ஒட்டுங்கள். வெளியே தெரியாது.